ஆரோக்கிய விசாரம்: கொழுப்பு குடியிருக்கும் இடம்

கோயமுத்தூர்ச் சீமையில் ஒரு கலியாணப் பந்தலில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால், மனித தேகத்தைப் பற்றி நம் சமூகம் கொண்டிருக்கும் அபிப்பிராயங்கள் அனைத்தும் காதில் விழுந்துவிடும். கையும் காலும் மெலிந்து, வயிறு மட்டும் முன்னே தள்ளிய பெரியவர் ஒருவர் உள்ளே நுழைவார். "மாமனுக்கு என்னுங்க குறைச்சல்? செழிப்பாக இருக்கிறார்" என்று வரவேற்பார்கள். அவர் பின்னாலேயே, இரண்டு குழந்தைகளைப் பெற்ற முப்பது வயது மருமகள் வருவாள். அவளுடைய இடுப்பும் தொடையும் சற்றுப் பருத்திருக்கும். "இந்த வயசிலேயே உடம்பு இப்படிப் போட்டுவிட்டதே!" என்று அவள் காதுபடவே சொல்வார்கள்.

இந்த இரண்டு தீர்ப்புகளையும் இடம் மாற்றி எழுத வேண்டும் என்கிறது இன்றைய வைத்திய சாஸ்திரம். புகழப்பட்ட அந்த வயிற்றிலேதான் நீரிழிவும் இருதய வியாதியும் கூடு கட்டுகின்றன. இகழப்பட்ட அந்த இடுப்பிலே பெரும்பாலும் கெடுதல் ஏதுமில்லை. சொல்லப்போனால் அது ஒருவகைப் பாதுகாப்பு. ஆனால் கதை இத்துடன் முடிந்துவிடவில்லை. அந்த மருமகளுக்கு இத்தனை நாளும் காவலாயிருக்கும் ஒரு பொருள், அவள் நாற்பத்தைந்தைத் தாண்டும் சமயத்தில் மெள்ள விலகிக்கொள்ளும். அதன் பிறகு அவளுக்கும் மாமனாருடைய வயிறு வந்து சேரலாம். கூடவே அவருடைய வியாதிகளும் வரலாம். ஈஸ்ட்ரோஜன் என்பது அந்தப் பொருளின் பெயர். அதைப் பற்றியே இவ்வாரம் நேயர்களுடன் பேச எண்ணுகிறோம்.

மார்ஸேல்ஸ் வைத்தியர் கண்டது

நம் நாடு விடுதலை பெற்ற அதே 1947-ஆம் ஆண்டில், பிரான்ஸ் தேசத்தின் துறைமுக நகரமாகிய மார்ஸேல்ஸில் ழான் வாக் என்ற வைத்தியர் ஒரு கட்டுரை வெளியிட்டார். பருத்த தேகமுள்ள எல்லோரையும் ஒரே கணக்கில் சேர்ப்பது சரியல்ல என்று அவர் அதில் எடுத்துக்காட்டினார். சிலருக்குக் கொழுப்பு இடுப்பிலும் தொடையிலும் படிகிறது. சிலருக்குக் கழுத்து, மார்பு, வயிறு ஆகிய மேற்பாகங்களில் படிகிறது. முன்னதைப் பெண் வடிவம் என்றும், பின்னதை ஆண் வடிவம் என்றும் அவர் அழைத்தார். நீரிழிவு, ரத்தக் குழாய் தடித்தல் முதலிய வியாதிகள் ஆண் வடிவக்காரர்களைத்தான் அதிகமாகத் தேடி வருகின்றன என்பது அவர் கண்ட உண்மை. ஆண் வடிவம் பெற்ற ஸ்திரீகளுக்கும் அதே ஆபத்து உண்டு என்பதையும் அவர் கவனித்தார்.

அக்காலத்தில் இதை அவ்வளவாக யாரும் பொருட்படுத்தவில்லை. தராசில் ஏறி நின்று எடையைப் பார்ப்பது சுலபம். கொழுப்பு எங்கே இருக்கிறது என்று விசாரிப்பது சிரமம். பல வருஷங்கள் கழித்து, உடலின் உட்புறத்தைப் படம் பிடிக்கும் கருவிகள் வந்த பிறகே மார்ஸேல்ஸ் வைத்தியரின் வாக்கு எவ்வளவு சரியானது என்பது உலகத்துக்கு விளங்கியது.

குதிரும் முற்றமும்

கொழுப்பு இருக்கும் இடத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று நேயர்கள் கேட்கலாம். ஒரு குடியானவர் வீட்டை எடுத்துக்கொள்வோம். அறுவடையான தானியத்தைக் குதிரில் கொட்டி வாயை அடைத்துவிட்டால் அது பத்திரமாக இருக்கும். வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம். அதே தானியத்தை வீட்டு முற்றத்தில் குவித்துவைத்தால் நடமாட்டம் தடைப்படும்; எலி வரும்; மழை வந்தால் புழுத்துப் போகும். தானியம் ஒன்றுதான், வைத்த இடம் வேறு.

தோலுக்கு அடியில், விசேஷமாக இடுப்பிலும் தொடையிலும் உள்ள கொழுப்பு குதிரில் உள்ள தானியத்துக்குச் சமானம். அது மெதுவாகச் சேரும், மெதுவாகவே வெளிப்படும். வயிற்றுக்குள், குடலைச் சுற்றிப் படியும் கொழுப்போ முற்றத்தில் கிடக்கும் குவியல். அது சதா கரைந்து ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். அந்த இடத்து ரத்தம் நேராக ஈரலுக்குப் போய்ச் சேர்வதால், கரைந்த கொழுப்பு முதலில் ஈரலின் தலையில் வந்து விழுகிறது. ஈரலில் கொழுப்பு நிறைந்தால் இன்சுலினுடைய ஆணை அங்கே செல்லாது. சர்க்கரையை அடக்கி வைக்க வேண்டிய ஈரல் அதை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். கொழுப்புத் துணுக்குகளையும் கூடவே அனுப்பும். நீரிழிவுக்கும் இருதய வியாதிக்கும் வழி பிறப்பது இப்படித்தான்.

கொழுப்பே இல்லாவிட்டால் நல்லதல்லவா என்று சிலர் நினைக்கக்கூடும். பிறவியிலேயே தோலடிக் கொழுப்பு ஏறக்குறைய இல்லாமல் பிறக்கும் மனிதர்கள் மிக அபூர்வமாக உண்டு. அவர்கள் ஆரோக்கியவான்களாக இருப்பதில்லை. சேர்த்துவைக்கக் குதிர் இல்லாத காரணத்தால் அவர்கள் உண்ணும் கொழுப்பு முழுவதும் ஈரலிலும் தசையிலும் போய்ப் படிந்து, இளம் பிராயத்திலேயே கடுமையான நீரிழிவு அவர்களைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே குதிர் அவசியம்.

குதிருக்குக் காவல்

பெண்களின் தேகத்தில் அந்தக் குதிரைக் காவல் காப்பது ஈஸ்ட்ரோஜன். 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் எட்வர்ட் டாய்ஸியும், ஜெர்மனியில் அடால்ஃப் பூடெனான்டும், ஒருவரையொருவர் சாராமல், கர்ப்பிணிகளின் சிறுநீரிலிருந்து இந்த வகுப்பைச் சேர்ந்த முதல் ஹார்மோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தார்கள். ஹார்மோன் என்பது ஒரு சுரப்பியிலிருந்து புறப்பட்டு, ரத்தத்தின் வழியாகத் தூரத்திலுள்ள அவயவங்களுக்குச் செய்தி கொண்டு செல்லும் தூதன். பெண் பருவமடைந்த நாள் தொட்டு மாதவிலக்கு அடியோடு நிற்கும் வரையில், சினைப்பைகளே இந்தத் தூதனை அனுப்பும் பிரதான ஸ்தலம்.

அது செய்யும் காரியத்தைச் சற்றுக் கிட்ட நின்று பார்ப்போம். சாப்பிட்ட கொழுப்பு சிறு சிறு பொட்டலங்களாக ரத்தத்தில் மிதந்து வரும். அவற்றைப் பிரித்துக் கொழுப்பணுக்களுக்குள் இறக்குவதற்கு லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி இருக்கிறது. மாதவிலக்கு நிற்காத ஸ்திரீகளில் இந்த இறக்குமதி வயிற்றைக் காட்டிலும் தொடைப் பக்கத்தில் மும்முரமாக நடக்கிறது. இனி ஏற்றுமதிக்கு வருவோம். நாம் பட்டினி கிடக்கும்போதோ, ஓடியாடி வேலை செய்யும்போதோ, அட்ரினலின் முதலிய தூதர்கள் "கொழுப்பை வெளியே விடு" என்று உத்தரவு கொண்டுவருவார்கள். கொழுப்பணுக்களின் மேல் இந்த உத்தரவைக் கேட்டுக் கதவைத் திறக்கும் காதுகளும் உண்டு. கதவை இறுக்கிச் சாத்தும் காதுகளும் உண்டு. தோலடிக் கொழுப்பில் சாத்தும் காதுகளை ஈஸ்ட்ரோஜன் அதிகப்படுத்துகிறது. எனவே குதிரில் போனது குதிரிலேயே தங்குகிறது. வயிற்றுக்குள் குவிவது குறைகிறது.

அத்துடன் ஈரலுக்கும் ஈஸ்ட்ரோஜன் ஓர் உபகாரம் செய்கிறது. ரத்தக் குழாயில் படியும் கெட்ட கொலஸ்ட்ராலை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் சக்தியை அது ஈரலுக்குக் கூட்டுகிறது. இளம் பெண்களுக்கு நல்ல கொலஸ்ட்ரால் ஆண்களைவிட மிகுந்தும், கெட்டது குறைந்தும் இருப்பதற்கு இது ஒரு முக்கிய காரணம். நெடுந்தூரம் நடப்பது, நாள் முழுவதும் காட்டில் களையெடுப்பது போன்ற நீண்ட வேலைகளில், ஆண்களைவிடப் பெண்கள் சர்க்கரையைச் சிக்கனமாகச் செலவிட்டுக் கொழுப்பை அதிகமாக எரிக்கிறார்கள் என்பதும் சோதனைகளில் தெரிந்த விஷயம். சேர்த்து வைப்பதிலும் கெட்டிக்காரி, நெடு நேர வேலைக்கு எடுத்துச் செலவிடுவதிலும் கெட்டிக்காரி என்று பெண் தேகத்தைப் பற்றிச் சொல்லலாம்.

இயற்கை ஏன் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறது? தாய்மைக்காகவே என்று கொள்ள இடமிருக்கிறது. தொடையில் இறுகப் பூட்டிக் கிடக்கும் கொழுப்பு, குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் மட்டும் சுலபமாகக் கதவைத் திறந்து கரைந்து வருவதை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கிறார்கள். பஞ்சம் வந்தாலும் குழந்தைக்குப் பால் வற்றாதிருக்கத் தாயின் தேகம் எடுத்து வைத்த விதைநெல் அது. பிள்ளை பெற்ற பெண்ணின் இடுப்பைப் பரிகசிப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆடவர்க்கும் உண்டு

ஈஸ்ட்ரோஜனைப் பெண்களின் ஹார்மோன் என்று சொல்வது வழக்கம். இது பாதி உண்மைதான். ஆண்களின் தேகத்திலும், அவர்களுக்கே உரிய டெஸ்டோஸ்டிரோனில் ஒரு சிறு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறுகிறது. அது அவர்களுக்கும் தேவை என்பது 1994-ஆம் ஆண்டில் ஓர் அபூர்வ மனிதரால் தெரிய வந்தது. இருபத்தெட்டு வயதான அந்த ஆடவரின் உடலில் ஈஸ்ட்ரோஜன் நிறைய இருந்தும், அதன் செய்தியை வாங்கிக்கொள்ளும் காது பிறவியிலேயே பழுதாகியிருந்தது. அவருடைய எலும்புகள் முற்றாமல் இன்னமும் வளர்ந்துகொண்டிருந்தன. இன்சுலினுக்கும் தேகம் சரியாகக் கீழ்ப்படியவில்லை. 2013-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஆரோக்கியமான ஆண்களை வைத்து ஒரு பரீட்சை நடத்தினார்கள். ஆண்களுக்குக் கொழுப்புக் கூடுவதற்குப் பெரிதும் காரணம் டெஸ்டோஸ்டிரோன் குறைவதல்ல, அதிலிருந்து பிறக்கும் ஈஸ்ட்ரோஜன் குறைவதே என்று அதில் வெளியாயிற்று. ஆகவே கொழுப்பை ஒழுங்கு செய்யும் இந்தக் காவலாளி இரு பாலாருக்கும் பொது. பெண்களுக்கு அது வெகு தாராளமாகவும், ஒரு வயது வரையிலும் கிடைக்கிறது; ஆண்களுக்கு ஆயுள் முழுவதும் சொற்பமாகக் கிடைக்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான்.

காவல் நீங்கும் காலம்

நம் நாட்டு ஸ்திரீகளுக்கு மாதவிலக்கு நிற்பது சராசரியாக நாற்பத்தாறு, நாற்பத்தேழு வயதில். மேல்நாட்டுப் பெண்களுக்கு அது ஐம்பத்தொன்றை ஒட்டி வருகிறது. அதாவது நம் பெண்மணிகள் காவலை நாலைந்து வருஷம் முன்னதாகவே இழந்துவிடுகிறார்கள்.

அப்பருவத்தில் எடை கூடுவதற்குப் பிரதான காரணம் வயதும், உழைப்புக் குறைவும், தசை தேய்வதும் ஆகும். ஈஸ்ட்ரோஜன் விலகுவதால் நிகழ்வது வேறொன்று: கொழுப்பு வாசஸ்தலத்தை மாற்றிக்கொள்கிறது. இடுப்புக்குப் போய்க்கொண்டிருந்தது வயிற்றுக்குள் போகத் தொடங்குகிறது. எடை ஒரு ராத்தல்கூட ஏறாமலிருக்கும்; ஆனால் பழைய ரவிக்கை வயிற்றுப் பக்கம் இறுகும். அதே சில வருஷங்களில் கெட்ட கொலஸ்ட்ராலும் ஏறிவிடுகிறது. எலும்பும் நலிகிறது. இருபது வருஷமாகக் கணவருக்கு மட்டும் ரத்தப் பரிசோதனை செய்து வந்த குடும்பம், மனைவிக்கும் அது வேண்டியதாகிவிட்டது என்பதை இந்தச் சமயத்தில் கவனிப்பதில்லை. "பெண்களுக்கு மார்வலி வராது" என்ற பழைய நம்பிக்கை, இளமையில் ஓரளவு உண்மையாயிருந்த ஒன்றை முதுமைக்கும் நீட்டிச் சொல்வதாகும். அந்த நம்பிக்கையால் போன உயிர்கள் அநேகம்.

கருப்பையை எடுத்துவிடும் ஆபரேஷனைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 3.3 பேர் கருப்பையை எடுத்துக்கொண்டவர்கள். தேவையில்லாமல் இந்த ஆபரேஷனைச் செய்வதைத் தடுக்கும் வழிமுறைகளை மாகாணங்கள் கைக்கொள்ள வேண்டும் என்று 2023-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்தரவிட நேர்ந்தது. ஆபரேஷன் அவசியமான சந்தர்ப்பங்கள் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கருப்பையுடன் இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால், முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கும் காவல் ஒரே நாளில் நீங்கிவிடும். இயற்கையில் பல வருஷங்களில் படிப்படியாக நடப்பது, மயக்கம் தெளிவதற்குள் நடந்து முடிந்துவிடுகிறது. "சினைப்பைகளையும் எடுக்கப் போகிறீர்களா? ஏன்?" என்ற இரண்டு கேள்விகளை, கையெழுத்துப் போடுவதற்கு முன் டாக்டரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் உரிமை ஒவ்வொரு பெண்ணுக்கும் உண்டு.

ஆட்டுக்கல் போன பிறகு

இனி நம் கொங்கு நாட்டைக் கவனிப்போம். ஐம்பது அறுபது வருஷங்களுக்கு முன்வரை இங்கே ஒரு குடும்பப் பெண்ணின் நாள் எப்படிக் கழிந்தது என்பதைப் பாட்டிமார் இன்றும் சொல்வார்கள். கம்பு இடிப்பது, ராகி திரிப்பது, மாவாட்டுவது, கிணற்றிலிருந்து நீர் சேந்துவது, பருத்திக் காட்டுக்குப் போய் வருவது ஆகிய எல்லாமே தோளையும் துடையையும் வேலை வாங்கின. நாற்பத்தாறு வயதில் காவல் நீங்கினாலும், உழைப்பு என்னும் இரண்டாவது காவல் அவர்களை விட்டு நீங்கவில்லை.

பிறகு இயந்திரங்கள் வந்தன. அவற்றில் பலவற்றுக்குப் பிறந்தகம் நம் கோவையே. மின்சார மோட்டார்களையும் பம்புகளையும் செய்து நாடெங்கும் அனுப்பியது இந்த ஊர். 1955-ஆம் ஆண்டில் சபாபதி என்ற கோவைக்காரர் மின்சாரத்தால் மாவரைக்கும் கிரைண்டரைக் கண்டுபிடித்தார். இன்று கோயமுத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்று, தமிழர் வாழும் தேசங்களுக்கெல்லாம் கப்பலேறிப் போகிறது. பெண்களின் முதுகெலும்பைக் காப்பாற்றிய அந்த இயந்திரத்தை நாம் ஒருபோதும் குறை சொல்லமாட்டோம். "பழையபடி ஆட்டுக்கல்லைப் பிடி, உடம்பு இளைக்கும்" என்று ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு உபதேசிக்கும் கனவான்களுடனும் நமக்கு உடன்பாடில்லை. அந்தக் கனவானும் கமலை இறைக்கப் போகட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஆனால் கணக்கு கணக்குத்தான். உழைப்புக் குறைந்தது, கம்பங்கூழும் சோளச் சோறும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் அரிசி வந்தது, கடலை எண்ணெய்ச் செலவு ஏறியது. இதன் பலன் கிராமங்களிலும் தெரிகிறது. ஈரோடு மாவட்டத்தில் உள்ள நல்லாம்பட்டி விவசாயம் மிகுந்த ஊர். கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அங்கே இருபது வயதுக்கு மேற்பட்ட 865 பேரைப் பரிசோதித்து, 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு மேல் நீரிழிவோ, அதன் வாசற்படியில் நிற்கும் நிலையோ இருந்தது. ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பேருக்கு ரத்தக் கொதிப்பு. பட்டணத்து வியாதி என்று நாம் நினைத்திருந்தது வரப்பு மேலும் ஏறிவிட்டது.

மாகாணம் முழுவதற்கும் கணக்கு இருக்கிறது. 2015-16-ல் தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 30.9 பேர் மிகை எடை உள்ளவர்கள். 2019-21-ல் அது 40.4 ஆயிற்று. ஆண்களில் 28.2 என்பது 37 ஆக ஏறியது. இந்தியா முழுவதும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பரிசோதித்து 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆய்வு இன்னொன்றையும் காட்டுகிறது. எடைக் கணக்குப்படி பருமன் என்று எண்ணத்தக்கவர்கள் நூற்றுக்கு 28.6 பேர், வயிற்றுச் சுற்றளவின்படி பார்த்தாலோ 39.5 பேர். இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பவர்களை நேயர்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். தராசு "நீ சௌக்கியம்" என்று சொல்லி அனுப்பிவிடும். வயிறு அதை ஒப்புக்கொள்ளாது. இந்தியர்களுக்கு ஒரே எடையில் மேல்நாட்டாரைவிடக் கொழுப்பு அதிகம், அதுவும் வயிற்றில் அதிகம் என்பது பல ஆராய்ச்சிகளால் நிச்சயமான விஷயம்.

மாத்திரையில் கிடைக்குமா?

ஈஸ்ட்ரோஜன் போனதால் வந்த வினைதானே, அதையே மாத்திரையாக விழுங்கிவிட்டால் என்ன என்று தோன்றலாம். மேல்நாட்டில் லட்சக்கணக்கான பெண்கள் அப்படித்தான் விழுங்கினார்கள். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடத்திய பெரிய பரீட்சையில், ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்து உட்கொண்டவர்களுக்கு மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டு, இருதய நோய் ஆகியவை கூடுதலாகக் கண்டதால், 2002-ஆம் ஆண்டில் அதைப் பாதியில் நிறுத்தினார்கள். மாதவிலக்கு நின்ற சமீபத்தில் உடல் கொதிப்பும் தூக்கமின்மையும் தாங்க முடியாதவர்களுக்கு இந்த மருந்து நன்மை செய்வதுண்டு என்பதையும், தொடங்கும் வயது இளையதாயின் ஆபத்துக் குறைவு என்பதையும் பிற்பாடு கண்டார்கள். இளம் பிராயத்தில் சினைப்பைகளை இழந்தவர்களுக்கும் டாக்டர்கள் அதைச் சிபார்சு செய்வார்கள். வயிற்றைக் குறைப்பதற்காகத் தானாகவே வாங்கிச் சாப்பிடும் மருந்து அதுவன்று. ஹார்மோனைச் சரிசெய்து பத்தே நாளில் இளைக்க வைக்கும் சூரணங்கள் என்று விளம்பரம் வந்தால், அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவதே விவேகம்.

செய்யத்தக்கது

காவலாளி விலகினால், வீட்டுக்காரர்களே காவல் இருக்க வேண்டியதுதான். அதற்கு வழி இருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் வெளியான சென்னை ஆராய்ச்சி ஒன்றில், நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சுமார் மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம்போல் இருக்க விட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. உணவைத் திருத்தி, நாள்தோறும் அரை மணி நேரமாவது நடந்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இந்தப் பலன் அவர்கள் எடை குறைந்ததால் வந்ததன்று. பெரும்பாலோருக்கு எடை குறையவே இல்லை. எடை குறையாமலே உள்ளே நன்மை நடக்கிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

நாற்பது வயது தாண்டிய பெண்மணிகளுக்கு நாம் சொல்வது இதுதான். நடை தினமும் வேண்டும். அத்துடன் தசைக்கும் வேலை வேண்டும். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவதும், இரண்டு கையிலும் தண்ணீர்ச் செம்பைத் தூக்கி இறக்குவதும் செலவில்லாத வழிகள். சோற்றைக் குறைத்து, அந்த இடத்தில் பச்சைப்பயறு, தட்டைப்பயறு, கொள்ளு, கீரை, மோர் இவற்றைக் கூட்டுங்கள். கடைசியில் மிஞ்சிய சோற்றை "வீணாகிறதே" என்று போட்டுக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வீட்டுக்கு மிச்சமான சோறு உங்கள் வயிற்றுக்கு நஷ்டம். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் இளைப்பதற்காகப் பட்டினி கிடப்பது கூடாது. வருஷத்துக்கு ஒரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்ட்ரால் மூன்றையும் பரிசோதிக்க வேண்டும். நடக்கும்போது காரணமின்றி மூச்சு வாங்குதல், தாடையிலோ முதுகிலோ வலி, திடீர் அசதி, குமட்டல் இவை பெண்களுக்கு இருதயத்தின் முறையீடாக இருக்கலாம். வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயத்துடன் நிறுத்திவிடலாகாது.

ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கள் வயிற்றைச் செழிப்பு என்று நினைத்திருப்பவர்கள், முதலில் அதைச் சரிசெய்துகொள்ளட்டும். மாலையில் நடக்கப் போகும்போது வீட்டு அம்மாளையும் உடன் அழைத்துச் செல்லட்டும். அந்த அரை மணி நேரத்துக்கு அடுப்பு வேலையைப் பிள்ளைகளில் யாராவது பார்த்துக்கொள்ளலாம்.

நெசவும் பனியனும் தையலும் வாழ்வாக இருக்கிற நம் ஜில்லாக்களில் இஞ்சு டேப் இல்லாத வீடு அநேகமாக இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் சுற்றி அளந்து பாருங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தொன்றரை அங்குலம். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், அதாவது முப்பத்தைந்தரை அங்குலம். நம் நாட்டாருக்கு இவையே எல்லை. வீட்டிலுள்ள பெரியவர் ஒவ்வொருவருடைய அளவையும் பால் கணக்கு எழுதும் நோட்டில் தேதியுடன் குறித்து, ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பிட்டு வாருங்கள். எல்லையைத் தாண்டியவர் தாயாரானாலும் தகப்பனாரானாலும், அந்த வாரமே டாக்டரிடம் அழைத்துச் செல்லுங்கள்.